ஆறாம் இலக்க வார்டும் வைத்தியரின் மனவுறுதியும்

வைத்தியரின் மனவுறுதி என்பது அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படும் பொருளாகிவிட்டது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் உலகைப் பற்றியபோதும், 2022ஆம் ஆண்டிலே இந்நாட்டு மக்கள் மருந்துக்கும் எரிபொருளுக்கும் அலைந்தபோதும், வைத்தியர் தெய்வத்துக்கு நிகரானவர் என்று மேடைகளிற் பேசப்பட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான வைத்தியர் கடல்கடந்து சென்றபோது, மக்கள் பணத்திற் படித்துவிட்டு ஓடிய நன்றியற்றோர் என்று அவர்களைத் தூற்றும் குரல்களும் எழுந்தன. தெய்வமென்று போற்றுவதும் நன்றியற்றோரென்று தூற்றுவதும் முரண்பட்ட கூற்றுகள் போலத் தோன்றினும், இரண்டும் ஒரே நோக்கிலிருந்து பிறப்பவையே. வைத்தியன் தளராது நிற்பதும் தளர்ந்து விழுவதும் அவனது உள்ளத்தில் மாத்திரம் நிகழும் காரியம் என்பதே அந்நோக்கு. மனவுறுதியை வளர்ப்பதற்கென்று வைத்தியருக்குப் பயிற்சி வகுப்புகளும் மூச்சுப் பயிற்சிகளும் உலகெங்கும் நடத்தப்படுவது இந்நோக்கின் அடிப்படையிலேதான். இரவு முழுவதும் விழித்திருந்தவனுக்கு உறக்கம் கொடுக்காமல் உறக்கமின்மையைத் தாங்கும் கலையைக் கற்பிப்பது எவ்வளவு மலிவான ஏற்பாடு!

நாம் வைத்தியத்துறையைச் சார்ந்தவரல்லோம். இலக்கியம் படித்து, இலக்கியம் படிப்பிப்பவர்கள். ஆகவே இப்பிரச்சினையை நமக்குப் பழக்கமான களத்தில் வைத்தே ஆராய விரும்புகிறோம். அக்களம் வளமற்றதன்று. தாமே வைத்தியராக இருந்து, தமது தொழிலின் களைப்பையும் கசப்பையும் உள்ளிருந்து அறிந்து எழுதிய பேரெழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்தோன் செக்கோவ். 1884ஆம் ஆண்டிலே மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், 1892ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘ஆறாம் இலக்க வார்டு’ என்னும் நெடுங்கதை, வைத்தியரின் மனவுறுதி பற்றி உலக இலக்கியத்தில் எழுந்த மிகக் கடுமையான விசாரணை என்பது நமது கருத்து. இக்கதையைப் பைத்தியக்காரர் விடுதியைப் பற்றிய சோகக் கதையாகவோ, மனித வாழ்வின் நிலையாமை பற்றிய தத்துவக் கதையாகவோ படித்து ஒதுக்குவோர் உளர். அவர்கள் கதையின் பாதியை மாத்திரமே படிக்கிறார்கள்.

கதை நிகழுமிடம் புகையிரத நிலையத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு சிறு பட்டணம். அங்குள்ள வைத்தியசாலைக்கு ராகின் என்ற வைத்தியன் வந்து சேர்கிறான். அவன் வந்த வேளையில் அவ்வைத்தியசாலை எப்படி இருந்தது என்பதைச் செக்கோவ் ஒரு கணக்கெடுப்பாளனைப்போல எழுதுகிறார். சத்திரசிகிச்சைக்கு இருந்த கத்திகள் இரண்டு. வெப்பமானி ஒன்றுகூட இல்லை. குளிக்கும் தொட்டிகளில் உருளைக்கிழங்கு சேமித்து வைக்கப்பட்டிருந்தது. மேற்பார்வையாளனும் துணி பராமரிப்பவளும், நம் நாட்டில் முன்னர் அப்போதிக்கரி என வழங்கப்பட்ட உத்தியோகத்தரை ஒத்த உதவி வைத்தியனும் நோயாளரைக் கொள்ளையடித்தனர். இந்நிலை ஒழுக்கக்கேடானதென்று ராகின் கண்டுகொள்கிறான். ஆனால் அதைத் திருத்த முயல்வதில்லை. கட்டளையிடவோ வற்புறுத்தவோ அவனுக்கு நா எழுவதில்லை.

ஆயினும் தொடக்கத்திலே அவன் சோம்பியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலையிலிருந்து மதிய உணவு வரை நாள்தோறும் நோயாளரைப் பார்க்கிறான், சத்திரசிகிச்சை செய்கிறான், பிரசவமும் பார்க்கிறான். இன்று முப்பதுபேர் வந்தால் நாளை முப்பத்தைந்துபேர், மறுநாள் நாற்பதுபேர். ஆண்டுகள் செல்கின்றன, பட்டணத்தின் மரணத் தொகையோ குறைவதில்லை. ஒரு காலைப்பொழுதில் நாற்பதுபேரைப் பார்ப்பதென்றால் ஒருவரையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதே பொருள். ஆண்டுக்குப் பன்னீராயிரம் நோயாளரைப் பார்த்ததாகக் கணக்கெழுதினால் பன்னீராயிரம் பேரை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இவ்விடத்தில் அவன் உடைகிறான். உடைந்தது அவனது உடலன்று, தன் வேலைக்குப் பொருளுண்டு என்ற நம்பிக்கை. மணித்தியாலங்களின் எண்ணிக்கை மாத்திரம் வைத்தியனைத் தளர்த்துவதில்லை. செய்வது பயனற்றது என்னும் அறிவு அதனோடு சேரும்போதே அவன் வீழ்கிறான். இன்றைய ஆராய்ச்சியாளர் நீண்ட ஆய்வுகளின் பின் சொல்வதைச் செக்கோவ் ஒரு பந்தியில், நோயாளர் தொகையைக் கூட்டிக் காட்டியே சொல்லிவிட்டார்.

அதன்பின் ராகின் வைத்தியசாலைக்கு ஒழுங்காகச் செல்வதை விடுகிறான். வீட்டிலிருந்து படிக்கிறான், சம்பளத்திற் பாதி புத்தகங்களுக்கே செலவாகிறது, அருகிலே வொட்கா, உப்பிலிட்ட வெள்ளரிக்காய். இந்நிலையிலேதான் அவனுக்குத் தத்துவம் கைகொடுக்கிறது. வெப்பமான வாசிப்பறைக்கும் ஆறாம் வார்டுக்கும் வேறுபாடு இல்லை. மனிதனது அமைதி அவனுக்கு வெளியே இல்லை, உள்ளேயே உள்ளது. துன்பத்தை அலட்சியம் செய்பவனே ஞானி என்கிறான். பண்டைய கிரேக்க, உரோம ஞானிகளைத் துணைக்கழைக்கிறான். இன்று பயிற்சி வகுப்புகளில் வைத்தியருக்குப் போதிக்கப்படும் மனவுறுதிக்கும் ராகின் பேசும் இந்தத் தத்துவத்துக்கும் சொற்களைத் தவிர என்ன வேறுபாடு?

அவனுக்குப் பதில் சொல்பவன் வார்டில் அடைக்கப்பட்ட நோயாளியான குரோமோவ். தன்னைக் கைதுசெய்ய வருகிறார்கள் என்ற பயத்தினாற் பித்தடைந்தவன் அவன். எனினும் கதையிலே மிகத் தெளிந்த அறிவோடு பேசுபவனும் அவனே. வெயிலும் தோடம்பழ வாசனையும் உள்ள கிரேக்க நாட்டுக்குப்போய் இத்தத்துவத்தைப் போதி, இங்குள்ள குளிருக்கு அது பொருந்தாது என்கிறான். உன்னை யாரேனும் அடித்ததுண்டா என்று கேட்கிறான். துன்பத்தை அலட்சியம் செய்யும் தத்துவம் துன்பத்தை அறியாதவனின் தத்துவம், சோம்பேறிக்கு வசதியான தத்துவம் என்பது அவன் தீர்ப்பு. கதையின் முடிவு அத்தீர்ப்பை நிறைவேற்றுகிறது. பைத்தியக்காரனோடு பேசுகிறான் என்று ராகின்மேற் சந்தேகம் எழுகிறது. அவன் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் ஹொபோதொவ் என்ற இளைய வைத்தியன் (அவனது அறையில் உள்ள ஒரேயொரு நூல் 1881ஆம் ஆண்டுக்குரிய வியன்னா மருந்துக் குறிப்புகள் என்கிறார் செக்கோவ், அந்தச் சிரிப்பைத் தவறவிடக்கூடாது) உதவிச் சம்பளமின்றி அவனை வேலையிலிருந்து நீக்க வழிசெய்து, பின் வஞ்சகமாக அதே வார்டுக்குள் அடைத்துவிடுகிறான். காவலாளி நிக்கீத்தாவின் கைமுட்டி ராகினின் முகத்தில் விழும்போதுதான், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வார்டிலிருந்தோர் நாள்தோறும் இதே நோவை அனுபவித்தார்கள் என்பது அவனுக்கு உறைக்கிறது. மறுநாள் அவன் இறந்துபோகிறான்.

இக்கதையை வாசித்த இளைஞர் லெனின், தாமும் ஆறாம் வார்டில் அடைக்கப்பட்டிருப்பதுபோன்ற உணர்வு தம்மைப் பற்றியதாகவும், அறைக்குள் இருக்கமுடியாமல் எழுந்து வெளியே சென்றதாகவும் தம் சகோதரி அன்னாவிடம் கூறினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டளவில் இருக்கும். ஜாரின் ரஷ்யா முழுவதுமே ஒரு வார்டு என்ற குறியீட்டுப் பொருளை வலியுறுத்தவே இச்செய்தி பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அது சரியே. எனினும் முற்போக்கு விமர்சகர் இதனோடு நின்றுவிடுவது போதாது. கதையிலே நம்மை நோக்கி நீட்டப்பட்ட ஒரு விரலும் இருக்கிறது.

ராகின் தன் செயலின்மைக்குக் கூறும் நியாயம் யாது? நேர்மையற்ற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேன் என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். ஆனால் தனியே நான் ஒன்றுமில்லை, தவிர்க்கமுடியாத சமுதாயத் தீமையின் ஒரு துணுக்கு மாத்திரமே. குற்றம் என்னுடையதன்று, காலத்தினுடையது. இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிறந்திருந்தால் வேறொருவனாக இருந்திருப்பேன் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். இது நமது சொற்களல்லவா? தனிமனிதனைச் சூழ்நிலையே உருவாக்குகிறது என்று நாம் கட்டுரைதோறும் எழுதுகிறோம். அவ்வுண்மையையே ராகின் தலையணையாக வைத்து உறங்குகிறான். எல்லாம் அகத்திலுள்ளது என்பதும், எல்லாம் காலத்தின் குற்றம் என்பதும் ஒரே மனிதனின் வாயிலிருந்து ஒரே வசதிக்காக வெளிவருகின்றன என்பதைக் காட்டியதிலேதான் செக்கோவின் ஆழம் இருக்கிறது. சூழ்நிலையை மாற்ற முற்படாதவனின் சமூக விளக்கம், ஞானியின் அலட்சியத்தைப்போலவே வெறும் மருந்துக் குப்பிதான். நோவை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

செக்கோவின் ஏனைய வைத்தியர்களையும் இவ்வெளிச்சத்திற் பார்ப்பது பயன் தரும். 1892ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ‘வெட்டுக்கிளி’ என்ற கதையில் வரும் திமொவ், தொண்டையடைப்பான் நோயுற்ற சிறுவனின் தொண்டையிற் படர்ந்த சவ்வைக் குழாயினால் உறிஞ்சி எடுத்து, அந்நோய் தொற்றி மடிகிறான். மேடைப் பேச்சாளர் விரும்பும் தெய்வ வைத்தியன் இவனே. ஆயின் செக்கோவ் அவன் மரணத்தைத் தியாகமென்று பாடவில்லை. அது தேவையற்றது, மடமையானது என்ற எண்ணத்தை அவனது நண்பர்களிடத்தே எழுப்பி விடுகிறார். 1898ஆம் ஆண்டின் ‘இயோனிச்’ கதையின் நாயகன் எதிர்த்திசையிற் போகிறான். கதைத் தொடக்கத்தில் அவனுக்குக் குதிரை இல்லை; கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் பாட்டு முணுமுணுத்தவாறு நடந்து வருகிறான். பின் இரட்டைக் குதிரை வண்டி. அதன்பின் மணிகட்டிய மூன்று குதிரை வண்டி. மாலைதோறும் பைகளிலிருந்து மஞ்சள், பச்சை நோட்டுகளை எடுத்து எண்ணுவதே அவனுக்குக் களிப்பு. ஒரு வைத்தியனின் உள்ளம் கொழுப்பேறி மடிவதைக் குதிரைகளின் எண்ணிக்கையாற் சொல்லிவிடுகிறார். ஆங்கில நாவலாசிரியர் குரோனின் 1937ஆம் ஆண்டில் ‘சிற்றடல்’ நாவலிலே, வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரிடையே தொண்டு தொடங்கி லண்டன் செல்வரின் வைத்தியனாகும் மான்சனைக் கொண்டு இதே வீழ்ச்சியைப் பல நூறு பக்கங்களில் வரைந்தார். ஆனால் அவர் தம் நாயகனை இறுதியில் மீட்டுவிடுகிறார். செக்கோவ் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை.

நம் உள்ளத்தை மிகவும் பற்றுபவன் ‘வான்யா மாமா’ நாடகத்தின் அஸ்திரோவ். நாடகம் தொடங்கும்போதே முதிய தாதியிடம் தன் களைப்பைச் சொல்கிறான். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி வேலை. இரவிலே போர்வைக்குள் முடங்கியிருக்கும்போதும் யாரோ அழைக்க வருவார்களோ என்ற பயம். தவக்காலத்தின் மூன்றாம் வாரத்திலே நச்சுக்காய்ச்சல் பரவிய கிராமமொன்றுக்குச் சென்றிருந்தான். குடிசைகளில் மனிதர் வரிசையாகக் கிடக்க, அருகே தரையிற் கன்றுகளும் பன்றிகளும் கிடந்தன. நாள் முழுவதும் உண்ணாமல் உழைத்து வீடு திரும்பியவனிடம் புகையிரதப் பாதைத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். மயக்க மருந்தின்கீழ் அவன் மேசையிலேயே இறந்துவிடுகிறான். தானே அவனைக் கொன்றதுபோல் அஸ்திரோவ் உணர்கிறான். இந்நாடகம் எழுதப்பட்டு நூறாண்டுகள் கடந்துவிட்டன. தம் கையிலே நோயாளி இறந்த இரவை மறக்கமுடியாத வைத்தியர் அதனை யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு இன்றும் பல வைத்தியசாலைகளில் விடையில்லை. அஸ்திரோவ் ஒரு தாதிக்கிழவியிடம் சொல்கிறான். அவளுக்காவது கேட்கும் பொறுமை இருந்தது.

அஸ்திரோவிடம் ராகினிடம் இல்லாத ஒன்று உண்டு. அவன் காடு வளர்க்கிறான்; தன் மாவட்டத்தின் படத்தை வரைந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னும், இப்போதும் காடு எவ்வளவு இருந்தது என்பதை வர்ணங்களாற் காட்டுகிறான். இயற்கையின் அழிவையும் குடியானவனின் வறுமையையும் நோயையும் ஒரே படத்திற் சேர்த்துப் பார்க்கும் அறிவு அவனுக்குண்டு. ஆயினும் அவன் குடிக்கிறான், கரடுதட்டிப் போகிறான். ஏன்? அவன் அப்படத்தை விரித்துக் காட்டும்போது எதிரிலிருக்கும் யெலேனாவின் மனம் வேறெங்கோ இருக்கிறது. குறிக்கோள் இருந்தும் கூட்டாளிகள் இல்லாதவன் அஸ்திரோவ். உயர்ந்த இலட்சியம் ஒருவனை எத்துணைக் காலமும் தாங்கும் என்று நம்புவோருக்கு இப்பாத்திரத்தைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

செக்கோவுக்குக் கூட்டாளிகள் இருந்தனரா? ஓரளவு இருந்தனர். 1861ஆம் ஆண்டிலே பண்ணையடிமை முறை நீக்கப்பட்டபின், 1864ஆம் ஆண்டிலே செம்ஸ்த்வோ எனப்படும் மாவட்ட சபைகள் ரஷ்யாவில் அமைக்கப்பட்டன. நிலவுடைமையாளரின் செல்வாக்கு மிக்கிருந்த சபைகளே அவை. அவற்றை மக்களாட்சியென்று மயங்கவேண்டியதில்லை. எனினும் அவற்றின்கீழ் வளர்ந்த கிராம வைத்தியம் புதுமையானது. சபையின் சம்பளம் பெறும் வைத்தியன் குறித்த வட்டாரத்துக்குப் பொறுப்பாக நின்று குடியானவருக்குச் சிகிச்சை செய்தான். இவ்வைத்தியர் மாநாடுகள் கூட்டினர். நோய்களின் புள்ளிவிவரம் சேர்த்தனர். பிரோகோவ் சங்கம் என்ற அமைப்பின் வாயிலாக ஒருவர் அனுபவத்தை மற்றவருக்கு அறிவித்தனர்.

1892ஆம் ஆண்டிலே வாந்திபேதி பரவி வந்தபோது, மெலிஹோவோ கிராமத்திற் குடியேறியிருந்த செக்கோவ் சம்பளம் வேண்டாமென்று மறுத்துவிட்டு ஒரு வட்டாரத்தின் பொறுப்பை ஏற்றார். இருபத்தைந்து கிராமங்களும், நான்கு தொழிற்சாலைகளும், ஒரு மடமும் அதில் அடங்கின. தொழிற்சாலை முதலாளிகளிடம் சுண்ணாம்பும் கிருமிநாசினிகளும் இரந்து பெற்றார். மடத்தின் தலைவர் நோயாளருக்கு இடந்தர முடியாதென்று கூறிவிட்டார். அக்காலத்துக் கடிதங்களில் அவர் வீரராகத் தோன்றவில்லை. வண்டி கெட்டது, வழி தெரியவில்லை, கையிற் காசில்லை, விரைவிற் களைத்துவிடுகிறேன் என்று முணுமுணுக்கிறார். எழுதுவதற்கு நேரமில்லை என்றும் சலித்துக்கொள்கிறார். ஆனாலும் அவ்வேலையை அடுத்த ஆண்டிலும் செய்தார். ராகினைப் படைத்து முடித்த அதே ஆண்டு இது என்பது கவனத்துக்குரியது. கதையிலே தாம் குற்றஞ்சாட்டிய மனநிலை தம்முள்ளும் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் ஊகிக்கிறோம். அதற்கு மாற்றாக அவர் கண்டது தியானமன்று, சுண்ணாம்பு.

இங்கே ஒரு நிழலையும் மறைக்கக்கூடாது. வைத்தியராகிய செக்கோவ் தம் நோயை மாத்திரம் பார்க்க மறுத்தார். 1884ஆம் ஆண்டிலேயே அவர் இருமலில் இரத்தம் கண்டது. 1897ஆம் ஆண்டிலே பெருமளவு இரத்தம் வெளிவந்து மாஸ்கோவில் வைத்தியசாலையிற் சேர்க்கப்படும்வரை, அது சயரோகமென்று ஒப்புக்கொள்ளவில்லை. 1904ஆம் ஆண்டிலே, நாற்பத்து நான்கு வயதில், அந்நோயாலேயே இறந்தார். நோயாளியாவது தன் தொழிலுக்கு அவமானமென எண்ணும் வைத்தியர் இன்றும் உளர். இதனையும் மனவுறுதியென்று புகழ்வோமாயின் அச்சொல்லுக்குப் பொருளேயில்லை.

வைத்தியனைத் தாங்குவது யாது என்பதை இன்னும் கிட்ட நின்று காட்டுபவர் மிஹாயில் புல்காகொவ். அவரும் வைத்தியரே. 1916, 1917ஆம் ஆண்டுகளில் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தின் நிக்கோல்ஸ்கோயே கிராமத்திற் பணியாற்றினார். அவ்வனுபவத்தைக் கொண்டு 1925, 1926ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய இளம் வைத்தியனின் கதைகளில் ஒன்று, குறுக்காகக் கிடந்த சிசுவைத் திருப்பி எடுத்த பிரசவம் பற்றியது. பல்கலைக்கழகத்திலே சிறந்த தேர்ச்சி பெற்ற இளைஞன், கைநடுக்கத்தோடு அறைக்கு ஓடிப்போய்ப் பாடநூலைப் புரட்டுகிறான். பக்கங்கள் பயத்தைக் கூட்டுகின்றனவேயன்றித் துணிவு தரவில்லை. பிரசவ அறையில் அனுபவமிக்க மருத்துவமாதான அன்னா நிக்கோலயெவ்னா, முன்னிருந்த வைத்தியர் இதனை எவ்வாறு செய்தார் என்று தன்போக்கிற் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அச்சில வார்த்தைகளே அவனுக்கு வழிகாட்டுகின்றன. தாயும் பிள்ளையும் பிழைக்கின்றனர். அவனது உறுதி அவனுடைய நெஞ்சிலிருந்து வரவில்லை. ஒரு மருத்துவமாதின் நினைவிலிருந்து வந்தது.

தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று. ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக்குகிறார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகே நின்று பராமரிப்பவன் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே வைத்தியம். நால்வரில் ஒருவனாகவே வைத்தியன் வைக்கப்பட்டிருக்கிறான். இன்னொன்றையும் இங்கு நினைக்கலாம். துன்பத்திலே மனங்கலங்காமையைப் பேசும் ‘இடுக்கணழியாமை’ என்ற அறுபத்து மூன்றாம் அதிகாரத்தைத் தனிமனித ஒழுக்கமாகவே விளக்கி முடிப்பது வகுப்பறை வழக்கம். உரைகாரர் பகுப்பில் அது துறவறவியலில் இடம்பெறவில்லை. பொருட்பாலில், அரசியலின் கடைசி அதிகாரமாக நிற்கிறது. வள்ளுவரை நமது கட்சிக்கு ஆள்சேர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் வைப்புமுறை வைப்புமுறைதான்.

புல்காகொவ் நமக்கு எளிய ஆறுதல் தருபவரல்லர். 1927ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மோர்பின்’ கதையில் வரும் பொல்யாகொவ், அதேபோன்ற கிராமத்தில், அதேபோன்ற பனியில், மோர்பினுக்கு அடிமையாகித் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். அவனருகிலும் அன்புள்ள ஒரு மருத்துவமாது இருக்கிறாள். முதல் ஊசியைப் போட்டவளும் அவளே, பின்னர் அவனுக்காக மருந்தைக் கரைத்துக் கொடுக்கத் தயங்கித் தவிப்பவளும் அவளே. அருகிலே ஒருவர் இருந்தால் மாத்திரம் போதும் என்ற முடிவை இக்கதை உடைக்கிறது. தன் நிலையை அதிகாரிகள் அறிந்தால் வேலைபோகும், மானம்போகும் என்ற பயம் அவன் வாயை அடைத்திருந்தது. தண்டனைக்கு அஞ்சாமல் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லக்கூடிய ஓரிடம் வைத்தியனுக்கு இல்லையாயின் அன்பும் நஞ்சூட்டும். புல்காகொவே சிலகாலம் அப்பழக்கத்துக்கு அடிமையாகி மீண்டவர். ஆதலால் இக்கதையில் ஒரு வரியும் பொய்யாக ஒலிக்கவில்லை.

இவ்வாறு பார்க்குமிடத்து இன்றைய செய்திகள் வேறுவிதமாகத் தோற்றமளிக்கின்றன. வேலையினால் ஏற்படும் முற்றான சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே நோயென்று வகுக்காமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாளைய வேலையழுத்தத்தின் விளைவான தொழில்சார் நிகழ்வு என்று வகுத்தது. அதாவது, பழுது தொழிலாளியிடம் அல்ல, தொழிற்களத்தில் இருக்கிறது என்பதை அவ்வுலக நிறுவனமே ஏற்கிறது. அமெரிக்காவிற் பயிற்சி வைத்தியரின் வேலைநேரத்துக்கு நாடளாவிய வரம்பு 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. அவ்வரம்பும் வாரத்துக்கு 80 மணித்தியாலம்! எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் 1886ஆம் ஆண்டிலே சிக்காகோ வீதிகளில் இரத்தம் சிந்தினர். அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவனுக்கு மாத்திரம் அக்கோரிக்கை பொருந்தாதென்று எண்ணச் செய்தது எது? அவனைத் தெய்வமாக்கியதே. தெய்வத்துக்கு உறக்கம் தேவையில்லை. தெய்வம் சம்பள உயர்வு கேட்பதும் அழகன்று.

நம் மண்ணிலும் வைத்தியர் நின்றிருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் மாண்டனர். அவ்வைத்தியசாலை அதன்பின்னும் இயங்கியது. அடுத்த ஆண்டுகளில், மின்சாரமும் மருந்தும் குன்றிய நிலையில், குண்டுவீச்சின் நடுவிலும் வைத்தியம் நடந்தது. அதனை நினைவுகூரும்போது வைத்தியர் ஓரிருவரின் வீரமாகவே பேசுகிறோம். காயப்பட்டோரைத் தூக்கிவந்தவன், இரத்தம் தோய்ந்த துணியைத் துவைத்தவள், மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்து நின்றவள், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற ஊரவர் ஆகியோரை நமது கதைகளும் கவிதைகளும் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. வள்ளுவரின் நான்காவது கூறு நமது போர்க்கால இலக்கியத்தில் ஏறக்குறையக் காணாமற் போயிருக்கிறது. இது எழுத்தாளர் கவனிக்கவேண்டிய குறை.

வகுப்பறையிலிருந்தும் ஒரு வார்த்தை. ‘நான் ஒரு வைத்தியரானால்’ என்ற தலைப்பில் நம் மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கட்டுரை எழுதி வருகிறார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வேன் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதுவார்கள். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றி வைத்தியம் பெற்று வளர்ந்த பிள்ளைகளே இவ்வாறு எழுதுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மக்களின் நீண்ட போராட்டத்தாலும் வாக்குரிமையாலும் நிலைபெற்ற பொது உரிமையொன்று, கட்டுரையிலே ஒரு நல்ல மனிதனின் கருணையாகச் சுருங்கிவிடுகிறது. அக்கட்டுரையில் தாதி இல்லை, மருந்துக் களஞ்சியம் இல்லை, இரவுவேலை இல்லை. அப்பிள்ளைகளில் ஒருவன் உண்மையாகவே வைத்தியனாகி, முதற் பதவியேற்று, நாற்பதாவது நோயாளியின் முன் அமரும்போது அவனுக்குத் துணையாக நிற்பதற்கு நாம் கற்பித்த கருணையைத் தவிர வேறொன்றுமிராது. உயர்தர வகுப்பில் ‘ஆறாம் இலக்க வார்டை’ப் படிக்கக் கொடுத்தால் விஞ்ஞான மாணவருக்கு அது பாடவிதானத்துக்குப் புறம்பானதென்று சிலர் முறையிடக்கூடும். இரண்டு கத்திகளையும் இல்லாத வெப்பமானியையும் பற்றி அவர்கள் பதினெட்டு வயதில் அறிந்திருப்பது நல்லது.

1902ஆம் ஆண்டு சனவரியிலே பிரோகோவ் சங்கத்தின் மாநாட்டுக்கு ரஷ்யாவின் பல திசைகளிலுமிருந்து வைத்தியர் மாஸ்கோவுக்கு வந்திருந்தனர். அவர்களுக்காக மாஸ்கோ கலை அரங்கினர் ‘வான்யா மாமா’வை நடித்தனர். தவக்காலத்துக் கிராமத்தையும், மேசையில் இறந்த தொழிலாளியையும், விரித்துவைத்த படத்தையும் அஸ்திரோவ்களே நிறைந்த ஓர் அவை பார்த்தது. அன்று அரங்கிற் பலர் அழுதனர். அவர்கள் செக்கோவுக்கு ஒரு தந்தி அனுப்பினர். நாட்டின் ஒதுக்கிடங்களிற் பணியாற்றும் கிராம வைத்தியர் என்று தம்மைக் குறிப்பிட்டு, அவரை ‘தோழர்’ என விளித்து, அந்நாளை என்றும் மறவோம் என்று அதில் எழுதியிருந்தனர். செக்கோவ் அப்போது யால்தாவில் நோயுற்றிருந்தார்.